அமைச்சர் மகமூது கவான்

வெற்றுத்தாளில் ஒப்பமிட்டுக் கொடுக்கலாகாது என்பது வாணிகக் குடும்பங்களில் பிள்ளைகள் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று. நூலும் பனியனும் சாயமுமாகத் திருப்பூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தொழில் நடத்துவோர்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. கடையின் முத்திரை எவர் கையில் உள்ளதோ அவர் கையில்தான் கடையின் மானமும் உள்ளது என்று அப்பகுதி முதியவர் ஒருவர் என்னிடம் கூறியதுண்டு. அவர் அதனைத் தம் மகனுக்காகச் சொன்னார். எனக்கோ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வாழ்ந்த ஒருவரின் நினைவு வந்தது. அவரும் வணிகராக இருந்தவர். பேரரசொன்றின் முதலமைச்சராக உயர்ந்தவர். வெற்றுத்தாளில் விழுந்த தம் முத்திரை ஒன்றினால் 1481-ஆம் ஆண்டில் தலையிழந்தவர். அவர் பெயர் மகமூது கவான்.

தக்காணத்தில் 1347-இல் தோன்றிய பாமினி சுல்தான்களின் அரசு முதலில் குல்பர்காவையும், பின்னர்ப் பீதர் நகரையும் தலைநகராகக் கொண்டிருந்தது. தெற்கே விஜயநகரம் அதன் ஓயாத பகை. நமது கொங்குநாடு அக்காலத்தில் விஜயநகர ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆகவே பீதரில் நடந்தவை நமக்குத் தொடர்பற்ற தொலைதூரச் செய்திகள் என்று ஒதுக்கிவிட இயலாது. இக்கதை ஓரிடத்தில் தமிழ்நாட்டு மண்ணையே தொடுகிறது என்பதையும் பின்னர்க் காண்போம்.

கவான் பிறந்தது பாரசீகத்தின் வடபுறத்தில், காஸ்பியன் கடலோரமாக அமைந்த கீலான் நாட்டில். அங்குள்ள அரசர்களுக்கு அமைச்சர்களாக இருந்த குடும்பம் அவருடையது. அரண்மனைச் சூழ்ச்சிகள் அக்குடும்பத்தைச் சூழ்ந்துகொண்டமையால், அவர் பதவியை நாடாமல் நாட்டைவிட்டு வெளியேறி வாணிகத்தைக் கைக்கொண்டார். ஊர் ஊராகச் சரக்குடன் சென்று, அங்கங்கே அறிஞர்களை அடுத்துக் கல்வியும் கற்றார். 1453-ஆம் ஆண்டளவில், நாற்பது வயதைக் கடந்த நிலையில், கொங்கணக் கரையிலுள்ள தாபோல் துறைமுகத்தில் வந்து இறங்கினார். பீதரில் வாழ்ந்த சூஃபிப் பெரியார் ஒருவரைத் தரிசித்துவிட்டுத் தில்லிக்குச் செல்வதே அவர் எண்ணம். தில்லிக்கு அவர் சென்றதேயில்லை.

அப்போது ஆண்டுகொண்டிருந்த இரண்டாம் அகமது ஷா இவருடைய பேச்சிலும் அறிவிலும் மனம் பறிகொடுத்து, ஆயிரம் குதிரை வீரர்க்குத் தலைவராக்கித் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். அடுத்து வந்த ஹுமாயூன் ஷா கொடியவன் என்று பெயர் வாங்கியவன். அவனே கவானுக்கு 'மலிக்-உத்-துஜ்ஜார்' என்னும் பட்டத்தை அளித்தான். 'வணிகர் தலைவர்' என்பது அதன் பொருள். அரசாங்கத்தின் மிக உயர்ந்த பட்டங்களுள் ஒன்று வணிகத்தின் பெயரால் வழங்கியது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். குதிரை அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கடல்வழியே வந்தாலன்றித் தக்காணத்தில் படையில்லை. துறைமுகத்தை அறிந்தவனே படையையும் அறிந்தவனாக இருந்த காலம் அது.

1461-இல் ஹுமாயூன் இறந்தபோது அவன் மகனுக்கு வயது எட்டு. அரசி நர்கிஸ் பேகமும், குவாஜா-இ-ஜஹான் துருக் என்னும் பிரபுவும், கவானும் சேர்ந்து ஆட்சியை நடத்தினர். ஒரிசாவிலிருந்தும் மாளவத்திலிருந்தும் பகைவர் பாய்ந்து வந்தனர். பீதர் நகரமே ஒருமுறை மாளவத்தார் கைப்பட்டது. குஜராத்தின் துணையைப் பெற்று அரசைக் காத்ததில் கவானின் பங்கு பெரிது. அச்சிறுவனும் இரண்டாண்டுகளில் இறந்துபட, அவன் தம்பி மூன்றாம் முகமது 1463-இல் அரியணை ஏறினான். துருக் என்னும் பிரபு அளவுக்கு மீறி அதிகாரத்தைச் சேர்த்துக்கொள்ளவே, அரசியின் விருப்பப்படி அரசவையிலேயே வெட்டி வீழ்த்தப்பட்டார். 1466-இல் அவர் இடம் கவானுக்குக் கிடைத்தது. தமக்கு முன் அப்பதவியில் அமர்ந்தவர் எவ்வாறு மாண்டார் என்பதை அறிந்தே அவர் அதில் அமர்ந்தார்.

அவர் நடத்திய போர்களை விரித்துரைக்க எனக்கு விருப்பமில்லை. கொங்கண மலைக்கோட்டைகளை மூன்றாண்டு காலம் முற்றுகையிட்டதும், 1472-இல் விஜயநகரத்தாரிடமிருந்து கோவாத் துறைமுகத்தைக் கைப்பற்றியதும் அவற்றுள் தலையாயவை. கோவா கைமாறியதனால் விஜயநகரத்துக்கு அவ்வழியே வந்த குதிரை வாணிகம் தடைப்பட்டது. போர்க்களத்தில் அடையக்கூடிய வெற்றியைவிடப் பெரிய அடி அது. வணிகர் ஒருவரின் கண்ணுக்கே முதலில் புலப்படக்கூடிய இலக்கு அது என்றும் கூறலாம்.

அவ்வெற்றியோடு அவர் பீதருக்குத் திரும்பியபோது நடந்ததாக வரலாற்றாசிரியர் பெரிஷ்தா ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். சுல்தான் அமைச்சர் வீட்டிற்கே எழுந்தருளி ஒரு வாரம் விருந்தினனாகத் தங்கினான். தாயரசி அவரை உடன்பிறந்தாரே என்று விளித்தாள். சுல்தான் விடைபெற்றுச் சென்ற பின்னர்க் கவான் தம் அறைக்குள் புகுந்து கதவை அடைத்து, பட்டாடைகளைக் களைந்துவிட்டு அழுதாராம். பின்பு எளிய துறவியரின் உடை அணிந்து வெளிவந்து, பொன்னையும் மணியையும் அறிஞர்க்கும் எளியோர்க்கும் பகிர்ந்தளித்தார். நூல்கள், யானைகள், குதிரைகள் ஆகியவற்றை மட்டும் நிறுத்திக்கொண்டார். ஏன் இவ்வாறு செய்தீர் என்று வினவியவரிடம், அரசன் என் இல்லம் வந்ததும் அரசி என்னை உடன்பிறந்தாராக அழைத்ததும் என் உள்ளத்தில் செருக்கை விளைத்தன, அதற்கு நான் அஞ்சினேன் என்றும், நூல்கள் மாணவர்க்கு உரியவை, யானையும் குதிரையும் அரசனுக்கு உரியவை, அவற்றைக் கொடுத்துவிட எனக்கு உரிமையில்லை என்றும் விடையளித்தார்.

இந்த 'உரிமை' என்னும் சொல்லே அவருடைய ஆட்சி முழுவதற்கும் திறவுகோல் என்று நான் எண்ணுகிறேன். எது தமது, எது அரசனது, எது பிறரது என்று பிரித்துப் பேரேட்டில் தனித்தனிப் பக்கம் ஒதுக்கும் வணிக ஒழுக்கத்தை அவர் ஓர் அரசாங்கத்தின்மேல் ஏற்ற முனைந்தார்.

பாமினி அரசு நான்கு பெரிய மாகாணங்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றின் தலைவனும் தன் எல்லைக்குள் சிற்றரசன். கோட்டைகள் அனைத்தும் அவன் வசம், வருவாய் அவன் வசம், படையும் அவன் வசம். கவான் நான்கையும் எட்டாக்கினார். மாகாணத் தலைவனிடம் ஒரே ஒரு கோட்டையை விட்டுவைத்து, ஏனைய கோட்டைகளுக்குத் தலைநகரிலிருந்தே தளபதிகளை நியமித்தார். ஒவ்வொரு மாகாணத்திலும் சில நிலப்பகுதிகளின் வருவாய் நேரே அரசனின் கருவூலத்துக்கு வருமாறு செய்தார். நிலங்களை அளக்கச் செய்தார்.

இவற்றைக் காட்டிலும் பிரபுக்களைச் சுட்டது படைக்கணக்கு. ஐந்நூறு வீரரை வைத்திருக்க வேண்டிய தலைவனுக்கு ஆண்டுக்கு 1,00,000 ஹூன் என்றிருந்த ஊதியத்தை 1,25,000 ஆக உயர்த்தினார். ஹூன் என்பது நம் நாட்டில் வராகன் என வழங்கிய பொற்காசு. ஊதியத்தை உயர்த்தியவர் உடனே எண்ணிக்கையையும் சரிபார்க்கத் தொடங்கினார். குறைந்த வீரர்க்கு உரிய தொகை ஊதியத்தில் பிடித்தம் செய்யப்பட்டது. இல்லாத ஆளுக்குக் கூலி எழுதுதல் எல்லாக் காலத்திலும் எல்லாத் தொழிலிலும் உண்டு. அதனைத் தடுப்பவனை எவரும் நேசித்ததில்லை.

இனி அரசவையிலிருந்த பிளவைச் சிறிது கூற வேண்டும். பாரசீகம், துருக்கி முதலிய நாடுகளிலிருந்து வந்தவர் ஒரு கட்சி. அவர்களை 'ஆஃபாக்கிகள்' என்றனர். தக்காணத்திலேயே தலைமுறைகளாக வாழ்ந்தவரும், அவரோடு சேர்ந்த அபிசீனிய வீரரும் மறு கட்சி. வந்தேறிகளுக்கே பதவி என்பது தக்காணிகளின் குறை. அது முற்றிலும் பொய்யான குறையன்று. அக்காலத்தில் விற்பனைக்கு ஒற்றைக் குதிரையுடன் பீதருக்கு வந்த ருஷ்ய வணிகர் நிகிதின் என்பவரும் அங்கே அதிகாரம் செலுத்துவோர் கொராசானியரே என்று குறித்து வைத்தார். பிரபுக்களின் பகட்டையும் நாட்டுப்புற மக்களின் வறுமையையும் அருகருகே எழுதியவரும் அவரே. கவானின் ஆட்சியை ஒரு பொற்காலமென்று வருணிப்போர் நிகிதினையும் படித்தல் நலம்.

கவான் தாமும் வெளிநாட்டவரேயாயினும், எட்டு மாகாணங்களை இரு கட்சியார்க்கும் பகிர்ந்தே கொடுத்தார். தம் வளர்ப்பு மகனைப் போன்ற யூசுப் ஆதில் கானுக்குத் தௌலதாபாத்தும், தக்காணிகளின் தலைவனான மலிக் ஹசன் நிஜாம்-உல்-முல்க்குக்கு ராஜமகேந்திரியும் கிடைத்தன. ஆனால் தெலிங்கானம் முழுவதும் தனக்கே வரும் என்று காத்திருந்தவன் ஹசன். வாரங்கல் பிரிந்து வேறொருவர்க்குப் போயிற்று. பாதியைப் பெற்றவன் பெற்றதை எண்ணாது இழந்ததையே எண்ணிக்கொண்டிருந்தான்.

1481-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுல்தான் முகமது ஆந்திர நாட்டில், கிருஷ்ணா நதிக்கரையை அடுத்த கொண்டபள்ளியில் பாளையமிட்டிருந்தான். தெற்கே காஞ்சிபுரத்துக் கோயில்களின் செல்வத்தைப் பற்றிக் கேள்வியுற்ற அவன், இளவரசனையும் முதிய அமைச்சரையும் கொண்டபள்ளியில் விட்டுவிட்டுத் தேர்ந்த குதிரைப்படையுடன் காஞ்சியை நோக்கிப் பாய்ந்தான். மார்ச்சுத் திங்களில் காஞ்சி கொள்ளையிடப்பட்டது. பாமினிப் படை தமிழ்நாட்டில் அவ்வளவு தொலைவு வந்தது அதுவே. அமைச்சர் அருகில் இல்லாத அவ்வாரங்களிலேதான் பகைவர்க்கு வேண்டிய பொழுது கிடைத்தது. யூசுப் ஆதில் கானும் வேறொரு போர்முனைக்குச் சென்றிருந்தான்.

அமைச்சரின் முத்திரையைக் காத்துவந்தவன் ஓர் அபிசீனிய ஊழியன். ஹசனின் ஆட்கள் இருவர் அவனோடு நட்புப் பூண்டு, பரிசுகள் கொடுத்து, ஒருநாள் அவன் குடிமயக்கத்தில் இருந்தபோது மடித்த தாள் ஒன்றை நீட்டினர். நண்பர் ஒருவரின் கணக்குச் சீட்டு இது, பல இலாகாக்களின் முத்திரை விழுந்துவிட்டது, உன் தலைவரின் முத்திரையொன்றே குறை என்றனர். அவன் தாளைப் பிரித்துப் பாராமலே முத்திரையை ஒற்றினான். தாளின் உட்புறம் வெறுமையாக இருந்தது. அவ்வெறுமையில் ஒரிசா மன்னனுக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. எங்கள் அரசனின் குடியையும் கொடுமையையும் நாங்கள் வெறுத்துவிட்டோம், நீர் படையெடுத்து வருக, நாட்டைப் பங்கிட்டுக்கொள்வோம் என்பது அதன் கருத்து.

ஹசன் அருகிருக்கும் வேளை பார்த்து அக்கடிதத்தைச் சுல்தானிடம் காட்டினர். சுல்தான் முத்திரையைக் கண்டான். இது யாரால், எங்கே, எந்தத் தூதனிடமிருந்து பிடிக்கப்பட்டது என்ற எளிய கேள்வியை அவன் கேட்கவில்லை. உடனே அமைச்சரை அழைத்து வருமாறு ஆளனுப்பினான்.

அழைப்பின் பொருள் நண்பர்களுக்கு விளங்கிவிட்டது. இன்று செல்ல வேண்டா, குதிரைகள் ஆயத்தமாக நிற்கின்றன, குஜராத்துக்குப் போய்விடுவோம் என்று மன்றாடினர். தந்தையின் பணியில் நரைத்த தாடி மகனின் பணியில் குருதியால் சிவக்குமாயின் அதுவும் பெருமையே என்னும் கருத்துப்பட விடைகூறிவிட்டு அவர் புறப்பட்டார். எழுபது வயதைக் கடந்த முதியவர் அவர். ஐயத்துக்கு ஆளானபின் ஓடுபவன் குற்றத்தை ஒப்புக்கொண்டவன் ஆவான் என்றும் அவர் எண்ணியிருக்கலாம்.

தன் தலைவனுக்கு ஒருவன் துரோகம் செய்து, அது மெய்ப்பிக்கவும்பட்டால் அவனுக்குத் தண்டனை யாது என்று சுல்தான் வினவினான். கொலைத் தண்டனை என்றார் கவான். கடிதம் நீட்டப்பட்டது. அவர் அதனைப் படித்துவிட்டு, முத்திரை என்னுடையது, கடிதம் என்னுடையதன்று என்றார். வாணிகத்தில் இவ்விடை போதாது. முத்திரை உன்னுடையதாயின் கடனும் உன்னுடையதே என்பது கடைத்தெருவின் நீதி. ஆனால் கடைத்தெருவிலும் சாட்சிகளை விசாரிப்பதுண்டு. மதுவின் வெறியில் இருந்த சுல்தான் தன் அபிசீனிய அடிமை ஒருவனிடம் கைகாட்டிவிட்டு எழுந்து உள்ளே போனான். கிழவனாகிய என் சாவு பெரிதன்று, உன் அரசின் அழிவும் உன் பெயரின் கேடும் இதில் அடங்கியுள்ளன என்று அமைச்சர் கூறியதாகப் பெரிஷ்தா எழுதுகிறார். 1481 ஏப்ரல் 5-ஆம் நாள் கொண்டபள்ளிப் பாளையத்தில் அவர் தலை வீழ்ந்தது.

அதன்பின் நடந்த கணக்கெடுப்பே இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி. இத்தனை ஆண்டுகள் அரசை ஆண்டவர், கோவாவை வென்றவர், மலைபோல் செல்வம் குவித்திருப்பார் என்று சுல்தான் நம்பினான். அமைச்சரின் பொருட்காப்பாளரை அழைத்துச் செல்வம் எங்கே என்று அதட்டினான். அவர் அஞ்சாமல் உரைத்தார்: என் தலைவருக்கு இரண்டு பெட்டகங்கள். ஒன்றின் பெயர் அரசன் பெட்டகம். படைக்கும் குதிரைக்கும் யானைக்கும் ஆகும் செலவு அதிலிருந்து. இப்போது அதில் இருப்பது 10,000 லாரினும் 3,000 ஹூனும். மற்றதன் பெயர் ஏழையர் பெட்டகம். அதில் முத்திரையிட்ட பையொன்றில் 300 லாரின் உள்ளது. லாரின் என்பது பாரசீக வளைகுடா வாணிகத்தில் வழங்கிய, கம்பியை மடித்தாற்போன்ற வெள்ளி நாணயம்.

அப்படியாயின் அவர் உண்டதும் உடுத்ததும் எதிலிருந்து? கீலானிலிருந்து வந்தபோது அவர் கொண்டுவந்த முதல் 40,000 லாரின். அமைச்சரான பின்னரும் அம்முதலை வாணிகத்தில் ஈடுபடுத்தி, அதன் ஊதியத்திலிருந்து நாளொன்றுக்குப் பன்னிரண்டு லாரின் மட்டும் சமையற்செலவுக்கு எடுத்துக்கொண்டார். எஞ்சியது தாய்க்கும் உறவினர்க்கும் எளியோர்க்கும் சென்றது. மட்பாண்டத்தில் உண்டார், பாயில் படுத்தார். பேரரசின் முதலமைச்சர் இறுதிவரை ஒரு சிறு வணிகராகவே தம் வயிற்றை வளர்த்தார்.

கேட்டிருந்த சுல்தானுக்கு மயக்கம் தெளிந்தது. கடிதத்தைக் கொண்டுசென்ற தூதன் எங்கே என்ற கேள்வியும் அப்போதுதான் எழுந்தது. எவராலும் தூதனைக் காட்ட முடியவில்லை. உடலை உரிய மரியாதையுடன் பீதருக்கு அனுப்பி அடக்கம் செய்வித்தான். ஆயினும் பிரபுக்கள் அவனை நம்பவில்லை. யூசுப் ஆதில் கான் முதலியோர் அரசனின் பாளையத்துக்கு அருகில் கூடாரமடிக்க மறுத்து, தொலைவில் தங்கள் படை சூழத் தங்கி, அங்கிருந்தே வணக்கம் செலுத்திச் சென்றனர். கவானுக்கே இக்கதியாயின் நமக்கு என்ன காவல் என்பது அவர்கள் வாதம். அதற்கு மறுமொழி இல்லை.

ஓராண்டு முடியுமுன், 1482 மார்ச்சில் சுல்தான் இறந்தான். முப்பது வயதும் நிரம்பவில்லை. கவான் என்னைக் கொல்கிறார் என்று இறுதி நேரத்தில் கதறினானாம். ஹசன் தான் விரும்பிய பதவியில் அமர்ந்து, 1486-இல் தானும் கொலையுண்டான். அவன் மகன் அகமதுநகரிலும், யூசுப் ஆதில் கான் பீஜப்பூரிலும், இன்னொரு தலைவன் பீராரிலும் 1490-ஆம் ஆண்டளவில் தனியரசு நாட்டினர். கோல்கொண்டாவும் பின்னர்ப் பிரிந்தது. கவான் வகுத்த மாகாணங்களின் தலைவர்களே நாட்டைக் கூறுபோட்டனர்.

இக்கதையின் பெரும்பகுதியை நமக்குக் கூறிய பெரிஷ்தா, நிகழ்ச்சிக்கு நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் பீஜப்பூர் அரசவையிலிருந்து எழுதியவர். பீஜப்பூரை ஆண்டவர் யூசுப் ஆதில் கானின் வழியினர். அந்த அவையில் கவானின் புகழ் சிறிதும் குறைந்திருக்க இயலாது. ஹசனின் குற்றமும் குறைந்திருக்க இயலாது. இதனை மனத்திற்கொண்டு படித்தாலும், அமைச்சரின் கணக்குகளை ஒதுக்கிவிட முடியவில்லை. அவரைக் குறைகூற வேண்டுமாயின் வேறிடத்தில் கூறலாம். ஒன்பது பத்து வயதில் தம் காப்பில் வந்த சிறுவன் இருபத்தைந்து வயதுக்குள் குடியனாகி நின்றான். நாட்டின் கோட்டைகளையெல்லாம் எண்ணிப் பூட்டியவர் அந்தப் பூட்டைக் கவனிக்கவில்லை. தம் முத்திரையையும் குடிப்பழக்கமுள்ள ஒருவன் கையில் விட்டிருந்தார். திருக்குறளில் 'அமைச்சு' என ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என இன்னோர் அதிகாரமும் தனியே வைத்தார். முன்னதில் தேர்ந்தவர் பின்னதில் தவறக்கூடும் போலும்.

கர்நாடகத்தின் வடகோடியிலுள்ள பீதருக்குச் செல்வோர் கவான் 1472-இல் கட்டிய கல்லூரியை இன்றும் காணலாம். பாரசீகப் பாணியில் மூன்று மாடி எழுப்பி, சுவரெங்கும் நீலமும் மஞ்சளும் வெண்மையுமான மெருகோடுகளைப் பதித்தார். மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் தங்குமறைகள் அமைத்தார். நூலகத்தில் மூவாயிரம் ஏடுகள் வைத்தார். துருக்கியின் சுல்தானோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த அவர், பாரசீகத்தின் பெருங்கவிஞர் ஜாமியையும் பீதருக்கு அழைத்துப் பார்த்தார், ஜாமி வரவில்லை. ஔரங்கசீப்பின் ஆட்சியில் கட்டடம் படைவீரர் கைக்குப் போய், அங்கே வைத்திருந்த வெடிமருந்து 1696-இல் வெடித்தது. முகப்பின் ஒரு பாதியும் இரு கோபுரங்களுள் ஒன்றும் சரிந்தன. மற்றக் கோபுரம் நூறடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. ஓடுகளில் ஒரு பகுதி நிறம் மங்காமல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊருக்கு வெளியே, கூரையில்லாத ஒரு மேடையின்மேல் அவர் கல்லறை உள்ளது.